காற்றா, நுரையா?

மண்பாதையில் ஓட்டுகிற பைக்கின் டயருக்குள் காற்றடைத்த ட்யூப் இருக்கட்டுமா, மூஸ் எனப்படும் நுரை ரப்பர் வளையம் இருக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு எங்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: மூஸ் போட்டுவிட்டால் பஞ்சர் என்ற பேச்சே இல்லை. அது பொய்யில்லை. அடைத்த காற்றே இல்லாத சக்கரத்தில் ஆணி குத்தி என்ன இறங்கப்போகிறது? ஆனால் பஞ்சர் ஆகுமா ஆகாதா என்ற இடத்திலிருந்து தொடங்குவதால்தான் பலர் தவறான பொருளை வாங்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சக்கரம் மண்ணைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓடுகிறது என்பதை. நம்பர் பிளேட்டுடன், சொந்தச் சக்கரத்திலேயே பாதைக்குப் போய்ச் சொந்தச் சக்கரத்திலேயே வீடு திரும்புகிற பைக்குக்கு ட்யூப்தான் சரி. பிக்கப் வண்டியில் ஏறிப்போய் டிராக்கில் இறங்கி, அங்கேயே ஓடி முடிக்கிற பைக்குக்கு மூஸ் சரி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் பலரும் நினைப்பதைவிடக் குறுகியது. இதற்கான காரணங்களையும், இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் எவற்றுக்கு எடை உண்டு என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

மண்பாதையில் ட்யூப் இரண்டு விதமாகச் சாகிறது. முள்ளோ ஆணியோ டயரைத் துளைத்து உள்ளே போவது ஒன்று. மற்றது வெளியிலிருந்து எதுவுமே உள்ளே போகாமல் நடப்பது. வேகமாக வரும் சக்கரம் கல்லின் விளிம்பில் மோதுகிறது. டயர் நசுங்கி ரிம் வரைக்கும் படிகிறது. இடையில் சிக்கிய ட்யூப்பை ரிம்மின் இரு ஓரங்களும் அழுத்தி வெட்டுகின்றன. பஞ்சர் கடையில் ட்யூப்பைத் தண்ணீரில் அமுக்கும்போது அடுத்தடுத்து இரண்டு இடங்களில் குமிழி வந்து, இரண்டும் சிறு கீறல்களாக இருந்தால் அது இந்த வகை. டயரில் முள்ளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் வகை பெரும்பாலும் தற்செயல். இரண்டாவது வகை பெரும்பாலும் அந்தப் பாதைக்கும் அந்த வேகத்துக்கும் காற்று போதாததன் விளைவு. பாறைப்பாதையில் ட்யூப்பைக் குறைசொல்பவர்கள் அனுபவிப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதான். அதற்கு மருந்து தேடி மூஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை என்பது என் கட்சி.

மோட்டோகிராஸ் ஓட்டுநர்கள் 12 முதல் 14 பிஎஸ்ஐ வரை வைப்பார்கள். சேறும் வேருமான காட்டுப்பாதையில் எண்டூரோ ஓட்டுபவர்கள் 10 வரைகூட இறங்குவார்கள். இந்த எண்கள் எல்லோருடைய காதிலும் விழுந்திருக்கின்றன. அவை எந்த வண்டிக்குச் சொல்லப்பட்டவை என்பது மட்டும் கூடவே வந்து சேர்வதில்லை. பந்தய எண்டூரோ பைக் 105, 110 கிலோ எடைதான் இருக்கும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 160 கிலோவை நெருங்குகிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எரிபொருளுடன் 196 கிலோ. அதன்மேல் ஆளும் பையும். பாதி எடையுள்ள வண்டிக்கான அழுத்தத்தை இதில் வைத்துக்கொண்டு கல்லில் ஏற்றினால் ட்யூப் வெட்டுப்படுவதில் வியப்பு என்ன? இந்த எடைக்கு மண்பாதையில் 18 முதல் 22 வரை என்று தொடங்கி, பாறை அதிகமானால் ஏற்றியும் மணல் அதிகமானால் இறக்கியும் பார்ப்பது நல்லது. தார்ச்சாலைக்குத் திரும்பும்போது தயாரிப்பாளர் கையேட்டில் கொடுத்த அளவுக்கு மீண்டும் நிரப்ப வேண்டும். கையடக்கமான அழுத்தமானியும் பம்பும் பையில் இல்லாதவருக்கு இந்த அத்தியாயத்தில் பாதி பயன்படாது.

அடுத்தது ட்யூப்பின் தடிமன். வண்டியோடு வரும் சாதாரண ட்யூப்பின் சுவர் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். ஹெவி டியூட்டி என்று விற்பது சுமார் 3 மில்லிமீட்டர். அதற்கும் மேலே 4 மில்லிமீட்டர் வகை இருக்கிறது. தடித்த ட்யூப் நசுங்கி வெட்டுப்படுவதை நன்றாகத் தாங்கும். முள்ளுக்கு அது பெரிய தடையல்ல, முள் உள்ளே வரச் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவே. 4 மில்லிமீட்டர் ட்யூப்பின் எடையும் குறைவில்லை. மாட்டவும் கழற்றவும் கை வலிக்கும். சாலை வேகத்தில் மெல்லிய ட்யூப்பைவிடச் சூடும் ஏறும். ஆகவே சாலையிலும் மண்ணிலும் ஓடும் வண்டிக்கு 3 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறகு மாட்டுகிற விதம். ஸ்போக் தலைகள் ட்யூப்பை உரசாமல் ரிம் டேப் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், உள்ளே முகப்பவுடர் தூவியிருக்க வேண்டும், டயர் லீவரின் நுனி ட்யூப்பைக் கடிக்கக் கூடாது. அழுத்தம் குறைந்தால் டயர் ரிம்மின்மேல் மெல்ல வழுக்கி நகரும், கூடவே ட்யூப்பும் இழுபடும், வால்வு வேரோடு பிய்யும். இதைத் தடுக்கத்தான் ரிம் லாக்: டயரின் ஓரத்தை ரிம்மோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் சிறு கட்டை. அதோடு வால்வின் கீழே இருக்கும் நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே ஏற்றி மூடியோடு ஒட்டி நிறுத்துங்கள். அப்போது டயர் நகரத் தொடங்கினால் வால்வு சாய்ந்து நிற்கும், பார்த்தவுடன் தெரியும். நட்டை ரிம்மில் இறுக்கிவிட்டால் சாய இடமில்லாமல் வால்வு அறுந்த பிறகுதான் தெரியும்.

இனி மூஸ். மிச்சலின் நிறுவனம் பிப் மூஸ் என்ற பெயரில் இதை 1980களில் பாலைவன ராலிக்காரர்களிடம் கொண்டுசேர்த்தது. இது ப்யூட்டைல் ரப்பராலான தடித்த வளையம். உள்ளே ஒன்றோடொன்று இணையாத நுண்ணறைகள் நிறைந்திருக்கும். அவற்றில் அடைபட்ட வாயுதான் அதற்கு மீள்தன்மை தருகிறது. டயரின் உட்குழியைவிடச் சற்றுப் பெரிதாக வார்க்கப்படுவதால் உள்ளே திணிக்கும்போது அது அமுங்கி இறுகும். அந்த இறுக்கமே காற்றழுத்தத்தின் வேலையைச் செய்கிறது. புது மூஸ் ஏறத்தாழ 0.9 பார், அதாவது 13 பிஎஸ்ஐ காற்றுக்குச் சமம். முள் குத்தினாலும் ஓடும், கல்லில் இடித்தாலும் ஓடும், டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் கிழிந்தாலும் ஓடும். பந்தயக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வரம் எதிலிருந்து வந்ததோ அதிலிருந்தேதான் குறையும் வருகிறது. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் டயரின் அடிப்பகுதி நசுங்கி மீள்கிறது. ட்யூப் என்றால் நசுங்குவது பெரும்பாலும் காற்று. காற்றை அழுத்திவிட்டால் கொடுத்த ஆற்றலை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தரும். மூஸில் நசுங்குவது ரப்பர். ரப்பர் வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக வைத்துக்கொள்ளும். போதாததற்கு மூஸின் மேற்பரப்பும் டயரின் உட்புறமும் உரசுகின்றன. இதற்காகத்தான் மாட்டும்போது உள்ளே வழுவழுப்பான ஜெல்லைக் கணக்குப் பார்க்காமல் பூசச் சொல்கிறார்கள். பிறக்கும் சூடு வெளியேற வழியும் குறைவு, ஏனென்றால் நுரை என்பது வெப்பத்தைக் கடத்தாத பொருள். காட்டுப்பாதையில் இதனால் பெரிய கேடில்லை: சராசரி வேகம் குறைவு, சக்கரம் நிமிடத்துக்கு நிமிடம் மெதுவாகிறது, சேறும் தண்ணீரும் டயரைக் குளிர்விக்கின்றன. நாற்கரச் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் விடாமல் ஓடும்போது இந்த மூன்றும் கிடையாது. சூட்டில் ஜெல் வற்றும், உரசல் கூடும், சூடு இன்னும் ஏறும், கடைசியில் நுரை உள்ளேயே இளகித் துண்டு துண்டாகும். ட்யூப்பில் காற்று இறங்கினால் வண்டி ஆடுவதில் தெரிந்துவிடும். மூஸ் சிதைவது ஆரம்பத்தில் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. மூஸ் பந்தயத்துக்கு மட்டும், பொதுச்சாலைக்கு அல்ல என்று தயாரிப்பாளர்களே எழுதி விற்பதை வழக்கறிஞர்கள் எழுதித் தந்த எச்சரிக்கை என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. அப்படித் தள்ள முடியாது. எழுதியதற்குப் பின்னால் இருப்பது இந்த வெப்பக் கணக்கு.

மேலே சொன்ன எடைக் கணக்கையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். 13 பிஎஸ்ஐக்குச் சமமான மென்மை, 110 கிலோ வண்டிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுமையேற்றிய 196 கிலோ வண்டிக்கடியில் அதே மூஸ் மிக அதிகமாக நசுங்கும், அதனால் மிக அதிகமாகச் சூடாகும். கடினமான வகைகளும் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் தேவைக்கேற்ப ஏற்றி இறக்க எதிலும் வால்வு கிடையாது. அளவும் இடிக்கும். மூஸ்களில் பெரும்பாலானவை முன்னே 21, பின்னே 18 அங்குலச் சக்கரத்துக்கும் பந்தய டயர் அளவுகளுக்கும் வார்க்கப்பட்டவை. எக்ஸ்பல்ஸுக்குப் பின்சக்கரம் 18 அங்குலம் என்பதால் தேடினால் பொருத்தமானது கிடைக்கலாம். ஹிமாலயன் பழையதோ புதியதோ, பின்சக்கரம் 17 அங்குலம். தெரிவு வெகுவாகச் சுருங்கிவிடும். டயரின் உட்குழிக்குப் பொருந்தாத மூஸ், தளர்வாக இருந்தாலும் திணிந்திருந்தாலும், மூஸ் இல்லாததைவிட மோசம்.

டக்கார் ராலிக்காரர்கள் நூற்றைத் தாண்டிய வேகத்தில் நாள் முழுக்க மூஸில்தானே ஓடுகிறார்கள் என்பது முதல் ஆட்சேபம். 2015இல் சி.எஸ். சந்தோஷ் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக அங்கே பைக் ஓட்டிய பிறகும், 2024இல் கேரளத்து ஹரித் நோவா ராலி 2 பிரிவில் வென்ற பிறகும் நம் ஊரில் இந்த வாதம் இன்னும் வலுவாகக் கேட்கிறது. பதில், அவர்கள் மூஸை எத்தனை நாளுக்கு நம்புகிறார்கள் என்பதில் இருக்கிறது. முன்வரிசை ஓட்டுநருக்கு மாலையில் கூடாரத்தில் மெக்கானிக்குகள் டயரும் மூஸும் மாற்றித் தயாராக வைத்திருப்பார்கள். ராலி முழுதுக்கும் ஆறு பின்டயர்கள்தான் என்று 2021இல் விதி கொண்டுவந்தபோது அது பெரிய கட்டுப்பாடாகப் பேசப்பட்டது. இரண்டு வாரப் போட்டிக்கு ஆறு! அதே ஆண்டு, உதவிக்குழுவைத் தொடமுடியாத மாரத்தான் கட்டத்தில், இருமுறை சாம்பியனான டோபி பிரைஸ் கிழிந்த பின்டயரைப் பிளாஸ்டிக் டையாலும் டேப்பாலும் கட்டிக்கொண்டு ஓட்டினார். ட்யூப்பாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பார் என்பதை மறுக்கவில்லை. டக்காரின் பாடம் இதுதான்: நிற்காமல் முடிப்பதற்காக ஒரு பொருளைச் சில நாளில் எரித்துத் தீர்க்கத் தயாராக இருப்பவருக்கு மூஸ். திங்கட்கிழமை அதே சக்கரத்தில் அலுவலகம் போகிறவர் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இருட்டப்போகும் நேரத்தில் டயர் இறங்கினால் என்ன செய்வது? குறிப்பாக ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கண்மாய்க்கரைகளில் சீமைக்கருவேல முள்ளுக்கு 3 மில்லிமீட்டர் ரப்பர் ஒரு பொருட்டே அல்ல. வெட்டிப்போட்ட கிளைமேல் ஏறினால் ஒரே சுற்றில் நாலைந்து துளைகூட விழலாம். முள்காட்டில் மூஸின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கரைக்கு வண்டி எப்படி வந்தது? தார்ச்சாலையில் ஓடித்தான் வந்தது என்றால் மூஸின் கணக்கு அங்கேயே உதைக்கிறது. முள்ளுக்குச் செலவு குறைந்த மருந்து ஒன்று உண்டு: ட்யூப்புக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம். நசுக்கில் விழும் நீளக் கீறலை அதால் அடைக்க முடியாது. முள் போடும் ஊசித்துளையை நன்றாகவே அடைக்கும். பாறை நிலத்துக்குத் தடித்த ட்யூப், முள் நிலத்துக்குச் சீலண்ட் என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும். ஓடாத நாளுக்குப் பையில் ஒரு மாற்று ட்யூப். 21 அங்குல முன்சக்கர ட்யூப் ஒன்று போதும். அவசரத்துக்கு அதையே பின்சக்கரத்திலும் சுருக்கி நுழைத்துக் காற்றடித்து, மெதுவாக ஊர்வந்து சேரலாம். பின்சக்கரத்து ட்யூப்பை 21 அங்குலத்துக்கு நீட்டுவது அவ்வளவு எளிதாக நடக்காது. கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை இதில் இருக்கிறதே என்றால், ஆம், இருக்கிறது. வீட்டு வாசலில், வெயிலில், யாரும் அவசரப்படுத்தாத நேரத்தில் பின்சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றிப் பழகாதவர் ஆளில்லாத இடத்துக்குத் தனியாகப் போகக் கூடாது, டயருக்குள் என்ன இருந்தாலும் சரி. மூஸ் இருக்கும் டயரை வழியில் கழற்றி மாட்டுவது அனுபவசாலிக்கே ஆகாத காரியம்.

காற்றுக்கு இன்னொரு நன்மை உண்டு, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. மலையேறும்போது டயருக்குள் அழுத்தம் தானாக மாறும். ஸ்பிட்டிக்குப் போகும் வழியில் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருக்கும் 14.7 பிஎஸ்ஐயிலிருந்து சுமார் 8.4க்கு இறங்கிவிடும். சமவெளியில் 25 வைத்துக் கிளம்பிய டயர், வெப்பநிலை மாறாமலிருந்தால், அங்கே 31 காட்டும். குளிர் அதில் மூன்று நான்கைக் குறைத்தாலும் கிளம்பியபோது இருந்ததைவிட இறுக்கமாகத்தான் நிற்கும், அதுவும் சரளைக்கல்லில் மென்மை தேவைப்படுகிற இடத்தில். ட்யூப் போட்டவர் வால்வை அமுக்கிச் சரிசெய்துகொள்வார். மூஸ் போட்டவர் தொழிற்சாலையில் யாரோ முடிவுசெய்த மென்மையோடுதான் மலையேறி இறங்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ட்யூப்லிஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. ரிம்மை ஒட்டி ஒரு சிறிய உள்வளையம். அதில் 100 முதல் 110 பிஎஸ்ஐ வரை அடைப்பார்கள். அது டயரின் ஓரங்களைச் சுற்றிலும் ரிம்மோடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். மீதிக் குழியில் ட்யூப் கிடையாது. வெறும் காற்று, வேண்டிய குறைந்த அழுத்தத்தில். நசுங்கி வெட்டுப்பட ட்யூப்பே இல்லை; முள் குத்தினால் ட்யூப்லெஸ் டயர்போலத் திரி சொருகி அடைக்கலாம்; காற்று முழுக்க இறங்கினாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழலாது. யோசனை அருமையானது. ஆனால் 21, 19, 18 அங்குலத்தில்தான் வருகிறது, ரிம் லாக் துளையில்லாத ரிம்மில் புதிதாகத் துளைபோட வேண்டும், ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் உள்வளையத்தின் அழுத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தச் சோதனையைச் சலிக்காமல் செய்கிற சுபாவம் உள்ளவருக்கு இதுவே மூன்றிலும் சிறந்ததாகக்கூட இருக்கலாம். இதுவும் பொதுச்சாலைக்கு அனுமதி பெற்ற பொருளல்ல. இது ஒருபுறமிருக்க, 2024இல் ஹிமாலயன் 450க்கு வந்த ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் பயண ஓட்டுநரின் கவலையில் பாதியைத் தீர்த்துவிட்டது. அதில் காற்றை மிகவும் குறைத்தால் மட்டும் டயரின் ஓரம் ரிம்மைவிட்டு விலகி மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போகும். ரிம் கல்லில் அடிபட்டு வளைந்தாலும் அதே கதி. அதனால் ட்யூப்லெஸ் வைத்திருப்பவரும் ஒரு ட்யூப்பைப் பையில் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

செலவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதுதான் முடிவை மாற்ற வேண்டும் என்று நான் நினைக்காததே. ஆனாலும் தெரிந்திருக்கட்டும். சாதாரண ட்யூப் சில நூறு ரூபாய். மூஸ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது, ட்யூப்பைவிடப் பல மடங்கு விலை. அதற்கு வயதும் உண்டு: ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் நுண்ணறைகளிலிருந்து வாயு மெல்லக் கசிந்து, வளையம் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். ஆண்டுக்கு நான்கு முறை ஓட்டுபவர் பாதிப் பணத்தை அலமாரியிலேயே இழக்கிறார். வாரந்தோறும் டிராக்கில் பயிற்சி எடுப்பவருக்கோ, ட்யூப் வெட்டுப்பட்டு வீணாகும் ஒவ்வொரு பயிற்சி நாளையும் மூஸ் காப்பாற்றித் தருகிறது. அவருக்கு அது செலவே அல்ல.

அப்படிப்பட்டவர் வாங்கும்போது டயரின் பிராண்டையும் அளவையும் சொல்லி அதற்கென்றே குறிக்கப்பட்ட மூஸைக் கேட்க வேண்டும். ஒரே 140/80-18 என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் டயருக்கும் உட்குழி ஒன்றுபோல் இருப்பதில்லை. மாட்டும்போது ஜெல்லில் கஞ்சத்தனம் கூடாது. ரிம் லாக்கைக் கழற்றிவிடவும் கூடாது. டயர் தேய்ந்து மாற்றும் ஒவ்வொரு முறையும் மூஸை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்து, வெடிப்போ கருகலோ பொடிந்த இடமோ இல்லையென்றால் புது ஜெல் பூசித் திரும்ப வைக்கலாம். கிடத்திவைத்த சக்கரத்தின் பக்கச்சுவரைக் கையால் அழுத்தும்போது புதிதில் தந்த எதிர்ப்பு இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் மூஸின் காலம் முடிந்தது. பழைய மூஸிலிருந்து வெட்டிய துண்டுகளை இடையில் செருகி இறுக்கத்தை மீட்டுக்கொள்பவர்கள் உண்டு. பயிற்சிக்கு அது போதும், போட்டிக்குப் போதாது.